ஒரு ஃபைலைக் காணோம் என்றால் லேப்டாப்பையே ஃபார்மேட் செய்யணுமா?

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் ஒரு வருடமாக பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது. போன வாரம் புது லேப்டாப் வாங்கினோம். சாஃப்ட்வேர் விற்றவரின் ஆளே வந்து, பழைய கம்ப்யூட்டரிலிருந்த ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி செய்து புதியதில் போட்டுவிட்டுப் போனார். திறந்தால் ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. அவரைக் கேட்டால் லேப்டாப் கோளாறு என்கிறார். லேப்டாப் கடைக்காரரோ விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மேட் செய்ய 1,500 ரூபாய் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: அந்த 1,500 ரூபாயை முதலில் கல்லாவிலேயே போட்டுவையுங்கள். லேப்டாப்பும் கெடவில்லை, விண்டோஸும் கெடவில்லை.

ஒரு புரோகிராமுக்கு வேண்டியதெல்லாம் அதன் ஃபோல்டருக்குள்ளேயே இருக்காது. பல புரோகிராம்களுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, தனி ஃபைல்களாக வைத்திருப்பார்கள். டிஎல்எல் என்பது அதுதான். ஐகானை நீங்கள் கிளிக் செய்ததும் விண்டோஸ் அதைத் தேடிக் கிளம்புகிறது. அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர், அடுத்து சிஸ்டம் ஃபோல்டர், பிறகு விண்டோஸ் ஃபோல்டர், அப்புறம் அப்போது வேலை நடக்கும் ஃபோல்டர், கடைசியாக ‘பாத்’ என்ற பட்டியலில் எழுதியிருக்கும் இடங்கள். இதைத் தாண்டி டிஸ்க் முழுக்க அது துழாவாது. ஃபைல் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தாலும் ‘கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்லும்.

பழைய கம்ப்யூட்டரில் இந்த ஃபைல் சிஸ்டம் ஃபோல்டரில் இருந்திருக்கும். பென்டிரைவில் ஏறியது பில்லிங் ஃபோல்டர் மட்டும். இன்ஸ்டால் செய்யவேண்டியதை காப்பி அடித்ததுதான் தவறு, அதைச் செய்தது விற்றவரின் ஆள்.

தீர்வு இலவசம். காணாமல்போன ஃபைலை உள்ளடக்கிய இன்ஸ்டாலர், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று தேடினால் கிடைக்கும். அதில் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போடுங்கள். லேப்டாப் 64 பிட்தானே, எக்ஸ்64 மட்டும் போதாதா என்று தோன்றும். போதாது. பில்லிங் புரோகிராம் பழைய 32 பிட் வகையாக இருந்தால் அதற்கு எக்ஸ்86தான் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன! பெயரை நம்பி ஒரு முறை நானே கையால் ஃபைலை மாற்றிப் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்க விழித்திருக்கிறேன். இன்ஸ்டாலரிடம் விட்டுவிடுங்கள், எது எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

இணையத்தில் தேடும்போது அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் தனியாக இறக்கித் தரும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். பக்கம் போகவேண்டாம். அந்த ஃபைலை யார் போட்டார்கள், உள்ளே என்ன கலந்தார்கள் என்று பார்க்க வழியில்லை. அது உங்கள் கடைக் கணக்கு இருக்கும் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும். ‘டிஎல்எல் ஃபிக்ஸர்’ என்று சந்தா கேட்பவர்களுக்கும் கும்பிடு போட்டுவிடுங்கள்.

சாஃப்ட்வேர்காரரிடம் வாட்ஸாப்பிலாவது எழுத்தில் கேளுங்கள்: முறையான இன்ஸ்டாலரைத் தந்து ஓடவைத்துக் கொடுங்கள் என்று. இந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைத் தங்கள் சாஃப்ட்வேரோடு சேர்த்தே தர மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது, ஆகவே சாக்கு சொல்ல இடமில்லை. வருடப் பராமரிப்புக்குப் பணம் கட்டியிருந்தும் கையை விரித்தால், பில்லை எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: மகன் கல்லூரியில் ஜாவா படிக்கிறான். புரோகிராம் கம்பைல் ஆகிறது, ஓடமாட்டேன் என்கிறது. ‘மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வருகிறதாம். கம்ப்யூட்டர் சென்டரில் ‘கிளாஸ்பாத்’ செட் செய்துதர 500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அநேகமாக யாரோ ஏற்கெனவே கிளாஸ்பாத்தை செட் செய்து வைத்ததால்தான் இந்தத் தொல்லை. ‘பாத்’ என்பது ஜாவா என்ற கட்டளையையே விண்டோஸ் தேடும் இடம். ‘கிளாஸ்பாத்’ என்பது கம்பைல் ஆன கிளாஸ் ஃபைல்களை ஜாவா தேடும் இடம். கிளாஸ்பாத் எதுவும் எழுதாமல் விட்டால், நிற்கிற ஃபோல்டரிலேயே ஜாவா தேடிக்கொள்ளும். எழுதிவிட்டால் எழுதிய இடத்தில் மட்டும்தான் தேடும். பழைய பாடப் பக்கங்களைப் பார்த்துப் பையன்கள் எதையாவது எழுதிவிடுகிறார்கள், கண்ணெதிரே இருக்கும் ஃபைல் ஜாவாவுக்குத் தெரியாமல் போகிறது.

ஸ்டார்ட் மெனுவில் ‘என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ என்று தேடித் திறந்து, கிளாஸ்பாத் என்ற வரி இருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள். வேறு லைப்ரரிக்காக (பிறர் எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம் தொகுப்புக்காக) அது வேண்டுமென்றால், வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் அரைப்புள்ளியும் சேர்த்தால் போதும். அந்தப் புள்ளிதான் ‘இந்த ஃபோல்டர்’. மாற்றிய பிறகு, கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவேண்டும். பழைய ஜன்னலுக்குப் புது மாற்றம் எட்டாது.