திருவிருந்தும் கணக்கு நோட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குச் சேர்த்த பணத்தில் 18,000 ரூபாயை எடுத்துக்கொண்ட சபைப் பொருளாளரைப் பற்றிய உங்கள் கதையை வாசித்தேன். கடைசியில் அவர், கர்த்தரை நினைத்து அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வந்து முழங்கால்படியிடுகிறார். எல்லாம் தெரிந்தும் சபைப் போதகரான ஐயர் அவர் கையில் அப்பத்தை வைக்கிறார். அதோடு கதையை முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை. எங்கள் சபையிலும் இப்படி ஒருவர் உண்டு; இன்றைக்கும் முன்வரிசையில்தான் உட்காருகிறார். கேட்டால், "கர்த்தர் மன்னிச்சிட்டார்" என்கிறார். கிருபை என்ற பெயரில் நீங்களும் திருட்டை மூடிவிட்டீர்களா?

— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். பாதிக்கு மேல் நீங்கள் சொல்வது சரி.

நான் விட்டுக்கொடுக்க முடியாதது அந்த அப்பத்தை மட்டும்தான். ஐயர் அவருக்குத் திருவிருந்து கொடுக்காமல் நிறுத்திவைத்திருக்கலாம், சபையில் அதற்கு முறை உண்டு. ஆனால் திருவிருந்துக்கு முன் நாம் ஒரு ஜெபம் சொல்கிறோமே, உமது மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்று? அதை ஐயரும் சொல்கிறார், பாடகர் குழுவும் சொல்கிறது. பொருளாளர் சொல்லும்போது அவர் குரல் உடைவதைக் கேட்ட ஐயருக்குக் கையைத் தள்ள மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

எங்கள் ஆச்சிக்கும் பக்கத்து விளைக்காரருக்கும் (தோட்டக்காரருக்கும்) கிணற்றுத் தண்ணீரில் தகராறு. கோர்ட் வரை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி திருவிருந்து வாங்க, பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் முழங்கால்படியிட்டிருக்கிறாள். அவர் இடமில்லாமல் பின்னால் தயங்கி நிற்கிறார். ஆச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மடியில் ஒடுக்கிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தாள். அவர் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டார். இடது கைமேல் வலது கையை வைத்து இரண்டு பேரும் ஏந்தினார்கள். ஆச்சியின் கையில் ஓலை கிழித்த தழும்பு, அவர் கையில் மண்வெட்டிக் காய்ப்பு. வழக்கு அப்புறமும் இரண்டு வருஷம் நடந்தது. ஆச்சி ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடவில்லை. கிருபை என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஒரு சாண் இடம்தான் கண்முன் வரும்.

ஆனால் வழக்கும் நடந்ததே! அதைத்தான் கதையில் விட்டுவிட்டேன், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். வேதத்தில் வரி வசூலிக்கும் சகேயுவின் கதையையே பாருங்கள். இன்றைக்கு உன் வீட்டில் தங்குவேன் என்று இயேசு சொல்வது முதலில். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகு. அந்த வரிசை எனக்குப் பெரிய விஷயம். பணத்தைக் கட்டினால்தான் உன் வீட்டுக்கு வருவேன் என்று இயேசு நிபந்தனை போடவில்லை. ஆனால் லூக்கா இரண்டையும் எழுதினார். நான் முதல் பாதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன்.

அந்த 18,000 ரூபாய் யாருடையது? பீடி சுற்றிய காசில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்களுடையது. ஸ்தோத்திரக் காணிக்கையாக வந்த ஒரு முருங்கைக்காய்க் கட்டைப் போட்டி போட்டு ஏலம் எடுத்தவர்களுடையது. ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதற்கான பணம் அது. அவர்களில் ஒருவர் முகமும் என் கதையில் இல்லை. அவர்கள் இழந்ததை ஐயர் ஒருவரே மன்னித்துவிட முடியுமா? எழுதும்போது இதைக் கேட்டுக்கொள்ளாமல் போனது என் தப்பு.

உங்கள் சபைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கர்த்தர் மன்னித்தாரா என்பது அவருக்கும் கர்த்தருக்கும் இடையில். ரசீதும் கணக்கு நோட்டும் உங்கள் எல்லோருக்கும் இடையில். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் எழுந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுத்த திருவிருந்தில் அவர் பக்கத்தில் வந்தால் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். லேசான காரியம் இல்லை, தெரியும்.

கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவரும்போது இதில் ஒரு காட்சியைச் சேர்க்கப்போகிறேன். திருவிருந்துக்கு மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம். பொருளாளர் மனைவியின் இரண்டு வளையலை விற்ற பணத்தோடு ஒரு பீடிக்கார அக்காவின் வீட்டு வாசலில் நிற்கிறார். அந்த அக்கா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், எண்ணிக் கொடுக்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்