அரிய ஆஸ்திரேலிய மலைப்பாம்புகளை வளர்ப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நியூ சவுத் வேல்ஸில் உரிமம் எடுத்து, பல வருடங்களாக இந்த நாட்டு மலைப்பாம்புகளை வளர்த்து வருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிட்னியிலிருந்து: அண்ணா, ரஃப்-ஸ்கேல்டு பைத்தான் மிக அரிதானது என்கிறார்கள், ஆனால் விற்பனைக்கு வருகிறதே? காட்டில் பிடித்ததா?

இல்லை தம்பி, இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். மேற்கு ஆஸ்திரேலியாவில், கிம்பர்லியின் வடமேற்கு மூலையில், மிட்செல் பீடபூமியை ஒட்டிய பகுதியில்தான் அது வாழ்கிறது. 1981இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது, அதன் பிறகும் அதை நேரில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2000இல் ஊர்வன வல்லுநர் ஜான் வைகல் அரசு அனுமதியோடு ஐந்து பாம்புகளைப் பிடித்து ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் என்ற ஊர்வனப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார், அவை அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. இன்று நாம் வளர்ப்பதெல்லாம் அந்த ஐந்தின் வழிவந்தவைதான். முதலில் ஆயிரக்கணக்கான டாலர் விலை போனது, பெருகப் பெருக விலை இறங்கிவிட்டது. சட்டப்படியே குஞ்சு கிடைக்கும்போது அவ்வளவு தூரம் போய்த் திருட எவனுக்கு மனம் வரும்? அரிய பாம்பை வளர்ப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

அடிலெய்டிலிருந்து: ஐந்தே பாம்பு என்றால் ரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பதாகிவிடாதா?

ஆகிவிடும், உங்கள் கவலை நியாயமானது. அந்த ஐந்தில் இருந்த மரபணு வளம்தான் நம்மிடம் உள்ள மொத்தமும். அதனால் வாங்கும்போது தாய் தந்தை யார், எந்த வம்சவரிசை என்று எழுத்தில் கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள், உடன்பிறந்தவற்றை இணை சேர்க்காதீர்கள். கார்பெட் பைத்தான் என்ற இன்னொரு வகை மலைப்பாம்பில் நிறத்துக்காகக் கலப்பு செய்து செய்து, எது எந்த ஊர்ப் பாம்பு என்றே தெரியாமல் ஆக்கிவிட்டோம். அதில் ஜாகுவார் என்று விற்கும் நிறவகைக்கு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது, தலை ஆடும், உடல் முறுக்கிக்கொள்ளும். இதைத் தெரிந்தே குஞ்சு எடுப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

டார்வினிலிருந்து: ஓயன்பெல்லி பைத்தானுக்கும் அதே வழி வருமா?

வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தின் மணற்கல் பாறைகளில் மட்டுமே இருக்கிறது, 1977இல்தான் அறிவியல் பெயர் பெற்றது, நான்கு மீட்டரைத் தாண்டும், ஆனால் ஒல்லி. பகலில் பழுப்பாக இருப்பது இரவில் வெளிறிப்போகும். அங்குள்ள பழங்குடிகளான குன்விஞ்கு மக்கள் நவரன் என்று அழைக்கிறார்கள், தங்கள் தொன்மக் கதைகளில் வரும் வானவில் சர்ப்பத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள். அதனால் அது வெறும் அபூர்வப் பொருள் இல்லை, அந்த நிலத்துக்காரர்களின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. உங்கள் ஊர் பாம்பு வல்லுநர் கேவின் பெட்ஃபோர்ட் முறையாக அனுமதி வாங்கிச் சில பாம்புகளை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டினார். காக்கடு தேசியப் பூங்கா உட்பட அந்த வட்டாரம் முழுக்கச் சிறு பாலூட்டிகள் பெருமளவு குறைந்துவிட்டன, அதாவது பாம்பின் இரையே குறைகிறது, ஆகவே காலம் அதிகம் இல்லை. ஆனால் இவ்வளவு நீளப் பாம்புக்கு உயரமும் அகலமும் உள்ள கூண்டு வேண்டும், எல்லோர் வீட்டிலும் முடியாது.

பெர்த்திலிருந்து: வளர்த்த பாம்பைக் காட்டில் விட்டு இனத்தை மீட்கலாமே?

அவ்வளவு எளிதில்லை அம்மா. தெற்கு ஆஸ்திரேலியாவின் அரிட் ரிகவரி காப்பகத்தில், வேலி போட்ட இடத்தில், வளர்ப்பில் பிறந்த ஒன்பது வோமா பைத்தான்களை (வறண்ட நிலத்து மலைப்பாம்பு வகை) விட்டுப் பார்த்தார்கள். நான்கு மாதத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, பெரும்பாலும் மற்ற பாம்புகளையும் தின்னும் முல்கா என்ற விஷப்பாம்புகளுக்கே இரையாகின. பூனையையும் நரியையும் வேலி தடுக்கும், பாம்பைத் தடுக்காது, கூண்டில் வளர்ந்ததற்கு எதிரியைத் தெரியாது. ஆக, வளர்ப்பு என்பது இனத்தைக் கையில் வைத்திருக்க ஒரு வழி, காட்டைக் காப்பாற்றும் வேலை தனியாக நடந்தே ஆகவேண்டும்.

சென்னையிலிருந்து: சார், இங்கே ஒருவர் ஆஸ்திரேலியப் பாம்பு தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

வேண்டாம். உயிருள்ள நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா அனுமதிப்பதே இல்லை. வெளிநாடுகளில் இருப்பவற்றில் பழைய இருப்பின் வழிவந்தவையும் உண்டு, கடத்தியவையும் உண்டு, உங்களால் பிரித்தறிய முடியாது. மலைப்பாம்புகள் எல்லாமே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருப்பதால் இந்தியச் சட்டப்படியும் ஆவணமும் பதிவும் கேட்பார்கள்.

மெல்பர்னிலிருந்து: டைமண்ட் பைத்தான் வாங்கியிருக்கிறேன், எந்நேரமும் விளக்கு எரிய வேண்டுமா?

வேண்டாம், அதுதான் அதைக் கெடுக்கும். தென்கிழக்குக் கடற்கரையின் குளிருக்குப் பழகிய பாம்பு அது. காலையில் சில மணி நேரம் வெயில் காயச் சூடு கொடுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள், குளிர்காலத்தில் நன்றாகக் குளிர விடுங்கள். வருடம் முழுக்கச் சூட்டில் வைத்தால் உடல் தளர்ந்து எலும்பும் கெட்டு இளம் வயதிலேயே செத்துப்போகின்றன. அப்புறம், புதிதாக எந்தப் பாம்பு வந்தாலும் சில மாதங்கள் தனி அறையில் வைத்து, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், பாம்புகளுக்கு நோய் தரும் சன்ஷைன் வைரஸுக்கும் நிடோ வைரஸுக்கும் பரிசோதனை செய்துவிட்டு மற்றவற்றின் பக்கம் கொண்டு போங்கள்.