ஆர்கானுக்குப் பின்னால் பொட்டாசியம் ஏன்? – வேதியியல் கேள்வி-பதில்

ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. தனிம வரிசை அட்டவணையில் எடை குறைந்தது பின்னால் நிற்கிறதே, அச்சுப்பிழையா?

இல்லை. அட்டவணையில் இடம் கொடுப்பது அணு எண், அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. அவ்வளவுதான் கணக்கு.

நிறை ஏன் முந்துகிறது? அணுக்கருவில் புரோட்டானோடு இருக்கும் நியூட்ரானும் நிறையைக் கூட்டும். இயற்கையில் கிடைக்கும் ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் 22 நியூட்ரான் கொண்ட ஆர்கான்-40. பொட்டாசியத்தில் 93 சதவீதம் 20 நியூட்ரான் கொண்ட பொட்டாசியம்-39. வேடிக்கை என்னவென்றால், நம் காற்றிலுள்ள ஆர்கான்-40 பெரும்பாலும் பாறைகளில் பொட்டாசியம்-40 சிதைந்து பிறந்ததுதான்!

அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவுக்கும் இதே தலைவலி வந்தது. 1869-இல் அவர் தனிமங்களை நிறை வரிசையில்தான் அடுக்கினார். டெலூரியமும் அயோடினும் முரண்டு பிடித்தன: முன்னால் வரவேண்டிய டெலூரியத்துக்குத்தான் நிறை அதிகம். அயோடினின் குணம் குளோரின், புரோமினோடு அச்சாகப் பொருந்தியதால் அதை அந்தக் குடும்பத்திலேயே வைத்துவிட்டு, டெலூரியத்தின் நிறையைத்தான் தப்பாக அளந்திருப்பார்கள் என்றார். அளவு சரிதான், அடுக்கும் அடிப்படைதான் வேறு. 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லே எக்ஸ் கதிர்களை வைத்து அணு எண்ணை அளந்து காட்டியபோது சிக்கல் அவிழ்ந்தது. நிறையை நம்பாமல் குணத்தை நம்பிய மெண்டலீவின் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குளோரினின் அணு நிறை 35.5 என்கிறார்கள். அரை நியூட்ரான் உண்டா?

கிடையாது. 35.5 என்பது சராசரி. நூறு குளோரின் அணுவை எடுத்தால் ஏறக்குறைய 76 அணு குளோரின்-35 ஆகவும், 24 அணு குளோரின்-37 ஆகவும் இருக்கும். பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்துப் பாருங்கள்: 35.48 வரும். 35.5 நிறையுள்ள குளோரின் அணு என்று ஒன்றுகூட இல்லை.

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகளான கூடுகளில், மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான் கொள்ளுமே. பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதினால் ஏன் மதிப்பெண் போடுவதில்லை?

கொள்ளும் என்பது வேறு, நிரம்பும் முறை வேறு. ஒவ்வொரு கூட்டுக்கும் துணைக்கூடு என்ற உட்பிரிவுகள் உண்டு. பொட்டாசியத்தில் மூன்றாம் கூட்டின் 3டி துணைக்கூட்டைவிட நான்காம் கூட்டின் 4எஸ் துணைக்கூட்டுக்கு ஆற்றல் குறைவு. எனவே கடைசி எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குப் போகிறது: 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. மூன்றாம் கூட்டில் ஒன்பதாவது எலக்ட்ரான் வந்து சேர்வது அடுத்துள்ள ஸ்காண்டியத்தில்தான்: 2, 8, 9, 2. பள்ளியில் "கடைசிக் கூட்டில் எட்டுக்கு மேல் கூடாது" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவதால் வரும் குழப்பம் இது.

சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும், குளோரின் நச்சு வாயு. உப்பை எப்படித் தின்கிறோம்?

உப்பில் இருப்பது சோடியம் உலோகம் அல்ல, ஒரு எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனி. அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது குளோரின். இரண்டும் நிலையான அமைப்புக்கு வந்துவிட்டதால் பழைய வேகம் இல்லை. புரோட்டான் எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே தனிமம் மாறவில்லை; மாறியது நடத்தை.

119-வது தனிமம் எங்கே வரும்?

118 வரை பெயர் வைத்தாயிற்று. 2016-இல் ஏழாம் வரிசை நிறைந்தது. 119 உருவானால் எட்டாம் வரிசையின் முதல் இடம், பிரான்சியத்துக்கு நேர் கீழே.