பின்னம் வரும் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்ப்பது எப்படி?

சாதாரணச் சமன்பாடுகளைச் சரியாகப் போட்டுவிடுகிறேன், பின்னம் வந்தால் மட்டும் விடை தப்பிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இயற்கணிதம் உங்களுக்குத் தெரியும். பின்னங்களோடு கடைசி வரி வரை மல்லுக்கட்டுவதுதான் வினை. முதல் வரியிலேயே அவற்றை விரட்டிவிடுங்கள்.

தெரியாத எண்ணை 'ம' என்று வைத்துக்கொள்வோம்.

(ம + 3)/4 − (ம − 2)/6 = 2

பகுதிகள், அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண்கள், 4, 6. அவற்றின் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) 12. இரு பக்கத்தையும் 12-ஆல் பெருக்கினால் முதல் பின்னத்தில் 3 மிஞ்சும், இரண்டாவதில் 2.

3(ம + 3) − 2(ம − 2) = 24
3ம + 9 − 2ம + 4 = 24
ம + 13 = 24
ம = 11

வேலை இவ்வளவுதான். ஆனால் முதல் இரண்டு வரிகளில்தான் பெரும்பாலான விடைகள் வழுக்கி விழுகின்றன.

ஒன்று, வலப்பக்கத்து 2. அதற்குக் கீழே பகுதி எதுவும் இல்லை என்பதால் பலர் அதைத் தொடாமல் 2 என்றே விட்டுவிடுவார்கள். ம = −11 என்று வந்து நிற்கும். பின்னமோ முழு எண்ணோ, ஒவ்வோர் உறுப்பையும் 12-ஆல் பெருக்கியாக வேண்டும்.

இன்னொன்று, +4. ஒரே வரியில் தட்டச்சு செய்வதால் நான் அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். நோட்டில் எழுதும்போது ம − 2 என்று எழுதிக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே 6, அவ்வளவுதான். அந்தக் கோடே ஓர் அடைப்புக்குறி. கோட்டை எடுத்ததும் அடைப்புக்குறியைப் போட மறந்துவிடுகிறோம். −2(ம − 2) என்பது −2ம − 4 ஆகிவிட, விடை 19 என்று வரும். ஆகவே மீ.சி.ம-வால் பெருக்கும் முன்பே எல்லாத் தொகுதிகளுக்கும் (கோட்டுக்கு மேலே உள்ளவை) அடைப்புக்குறி போட்டுவிடுங்கள், தேவையோ இல்லையோ.

விடையைச் சரிபார்க்க, ம இருந்த இடத்தில் 11 போடுங்கள்: 14/4 − 9/6 = 3.5 − 1.5 = 2. சரி.

மீ.சி.ம கண்டுபிடிக்கச் சோம்பலாக இருந்தால் 4 × 6 = 24-ஆல் பெருக்கினாலும் அதே 11 வரும், எண்கள்தான் கொஞ்சம் பெரிதாகும். குறுக்குப் பெருக்கல் (ஒரு பக்கத்துத் தொகுதியை மறுபக்கத்துப் பகுதியால் பெருக்குவது) என்பது இரு பக்கமும் ஒவ்வொரு பின்னம் மட்டும் இருக்கும்போதுதான். மேலே உள்ளது போல மூன்று உறுப்புகள் இருந்தால் அதை அப்படியே பிடித்துப் போடாதீர்கள்.

'சுருக்குக' என்று கேட்டால் இந்த வித்தை செல்லாது. (ம + 3)/4 − (ம − 2)/6 என்று மட்டும் கொடுத்திருந்தால் அது கோவை. விடை (ம + 13)/12. சமக்குறி இல்லாத இடத்தில் பகுதியைத் தூக்கி எறிந்தால் மதிப்பே மாறிவிடும்.

இந்தத் தலைவலி புதிதல்ல. ஏறத்தாழ கி.மு. 1550-ஐச் சேர்ந்த எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுவடியில் 24ஆவது கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. அவர்கள் 7 என்று ஊகித்து, 8 வருவதைப் பார்த்து, 8 என்பது 19 ஆகும் அதே விகிதத்தில் 7-ஐயும் பெரிதாக்கினார்கள். நாம் 7-ஆல் பெருக்கி 8ம = 133 என்று எழுதிவிடுகிறோம். இரண்டு வழியிலும் 16 5/8.

கடைசியாக, தெரியாத எண்ணான 'ம'-வே பகுதியில் உட்கார்ந்திருக்கும் வகை.

ம/(ம − 3) − 2 = 3/(ம − 3)

இதைத் தொடும் முன் ஓரத்தில் 'ம ≠ 3' என்று எழுதிக்கொள்ளுங்கள். 3 என்றால் பகுதி பூச்சியமாகிவிடும். பிறகு வழக்கம்போல் ம − 3-ஆல் பெருக்க, ம − 2(ம − 3) = 3, அதாவது −ம + 6 = 3, ம = 3. வரக்கூடாது என்று எழுதிவைத்த அதே 3! கணக்கில் எங்கும் பிழை இல்லை. ம = 3 என்றால் ம − 3-ஆல் பெருக்கியது பூச்சியத்தால் பெருக்கியதாகிவிடுகிறது; அதனால் இல்லாத விடை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. 3-ஐ அடித்துவிட்டு 'தீர்வு இல்லை' என்று எழுதுங்கள். அதுதான் இந்தக் கணக்கின் சரியான விடை.