ரஸ்ட் நிரல்மொழியில் சில மணி நேரத்தில் காலாவதியாகிற மாதிரி தகவலை மறையாக்கம் செய்ய எளிதான லைப்ரரி எது?

ஃபெர்னெட். ரஸ்டில் அதே பெயரிலேயே கிரேட் (ரஸ்ட் லைப்ரரித் தொகுப்பு) இருக்கிறது. பைத்தானில் உருவாக்கிய டோக்கனையும் (மறையாக்கிய தகவலை அடக்கிய எழுத்துச்சரம்), சாவி ஒன்றாக இருந்தால், ரஸ்டில் திறக்கலாம்.

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு இதை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடை, டச் (வெள்ளியின் தூய்மை), செய்கூலி, அன்றைய வெள்ளி ரேட் எல்லாம் அடங்கிய ஒரு லிங்க் வெளியூர் வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் போகும். திறந்தால் மொத்த விலை மட்டும் தெரியும். ஆளுக்கு ஆள் செய்கூலி வேறு என்பதால் அது வெளியே தெரியக் கூடாது, எண்ணையும் யாரும் திருத்திவிடக் கூடாது. ரேட் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் விலை இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

ஜெனரேட்_கீ என்று ஒருமுறை கூப்பிட்டு 32 பைட் சாவியை வாங்கி, கோடுக்கு வெளியே பத்திரமாக வையுங்கள். அதில் முதல் பாதி கையொப்பத்துக்கு, மறுபாதி மறையாக்கத்துக்கு. உள்ளே தகவலை மறைக்க ஏஇஎஸ்-128 சிபிசி, அதன் மேல் யாரும் திருத்தினால் காட்டிக்கொடுக்கும் கையொப்பமாக ஹெச்மேக் எஸ்ஹெச்ஏ-256. எந்த மோட், எந்த அளவு என்று நாம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, தேர்ந்தெடுக்கவும் முடியாது. எனக்கு இது பிடித்ததே அதனால்தான். என்கிரிப்ட் செய்தால் லிங்கில் அப்படியே ஒட்டக்கூடிய எழுத்துச்சரம் வரும். 100 பைட் தகவலுக்கு 228 எழுத்து.

இனி முக்கியமான விஷயம். டோக்கனுக்குள் காலாவதி நேரம் கிடையாது, உருவான நேரம் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை விநாடி வரை செல்லும் என்பதைத் திறக்கிறவர்தான் சொல்ல வேண்டும்: டிக்ரிப்ட்_வித்_டிடிஎல், 7200 (டிடிஎல் என்பது டோக்கன் செல்லும் கால அளவு; 7200 விநாடி என்றால் இரண்டு மணி நேரம்). வெறும் டிக்ரிப்ட் போட்டால் போன வருஷத்து டோக்கனும் திறக்கும். விலை காட்டும் பக்கத்தில் சரியாகப் போட்ட நான், ஆர்டரை உறுதிசெய்யும் இடத்தில் வெறும் டிக்ரிப்டை விட்டுவிட்டேன். போன வாரத்தில் திறந்து வைத்திருந்த பக்கத்திலிருந்தே ஒரு வியாபாரி மூன்று கிலோ ஆர்டரை உறுதி செய்துவிட்டார், பழைய ரேட்டில். "நம்ம லிங்க் ஏத்துக்கிட்ட விலை, கொடுத்துத்தான் ஆகணும்" என்று பட்டறை அண்ணன் அதே விலைக்கே அனுப்பி வைத்தார். அன்றைக்கே டோக்கன் திறக்கும் வேலை முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்தேன். 7200 என்ற எண் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம் கடிகாரம். டோக்கனில் உள்ள நேரம் திறக்கும் கணினியின் நேரத்தைவிட 60 விநாடிக்கு மேல் முன்னால் இருந்தால், டிடிஎல் சோதனையில் தோற்றுவிடும். டோக்கன் உருவாக்கிய பட்டறைக் கணினி ஐந்து நிமிடம் முந்தி ஓடியதால், அப்போதுதான் அனுப்பிய லிங்கே செல்லாது என்று வந்தது. இப்போது உருவாக்குவதும் திறப்பதும் சர்வரில்தான்.

தோற்றால் டிக்ரிப்ஷன்எரர் என்று ஒரே பிழைதான் வரும். காலாவதியா, யாராவது கை வைத்தார்களா என்று பிரித்துச் சொல்லாது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால், லாக் எழுதுவதற்கு மட்டும் வெறும் டிக்ரிப்டில் திறந்து பாருங்கள். திறந்தால் சாவி சரி, நேரம்தான் இடித்திருக்கிறது.

காலாவதி ஆனாலும் தகவல் அழிந்துபோவதில்லை. சாவி உள்ளவர் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். உருவான நேரத்தைப் பார்க்கச் சாவிகூட வேண்டாம், அது மறைக்கப்படுவதே இல்லை. உங்களுக்கு வேண்டியது தகவல் உண்மையிலேயே இல்லாமல் போவதென்றால், அதை டேட்டாபேஸில் வைத்து நேரம் வந்ததும் நீக்குங்கள். அந்த வேலைக்கு ஃபெர்னெட் உதவாது.