எண்ணெய் வண்ணம் தடவியதும் விமான மாதிரியின் அடிவண்ணம் கழன்றுவருவது ஏன்?

பிரித்தானியக் குண்டுவீச்சு விமானமான பியூஃபோர்ட்டின் 1/72 அளவிலான மாதிரிக்கு எனாமல் பூசி, அழுக்கேறிய தோற்றத்துக்காக ரேப்பன்ரைனில் கரைத்த எண்ணெய் வண்ணத்தைத் தடவியபோது அடிவண்ணமே கழன்றுவந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். எனாமலையும் எண்ணெய் வண்ணத்தையும் ஒரே வகைத் திரவம் கரைப்பதே காரணம். ஆகவே இடையில் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷை மெல்லிதாகப் பூசி, ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பின்னரே எண்ணெய் வண்ணத்தைத் தொடுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது வவுனியாவில் பிரித்தானிய வான்படைத் தளம் இருந்தது. விமானம் இங்கே நின்றதாகக் காட்ட விரும்பினால், ஜப்பானிய அடையாளத்தோடு குழம்பாதிருக்க, பிரித்தானிய விமானங்களின் வட்டக் குறியிலிருந்து சிவப்பு நீக்கப்பட்டதை மறவாதீர்கள். தூசிக்கு, கோடையில் கிரவல் வீதியில் ஓடிய சைக்கிளின் மட்காட்டைப் பாருங்கள்: செம்மண் சில்லின் பின்னால் தடித்தும், மேலே போகப்போக மங்கியும் படிந்திருக்கும், விமானத்தின் வயிற்றிலும் அப்படியே. வண்ணம் உதிர்ந்த வெள்ளித் தழும்புகளைச் சிறு ஸ்பொஞ்சுத் துண்டால், ஆட்கள் ஏறி மிதிக்கும், சிறகு உடலோடு சேரும் இடத்தில் அளவாக ஒற்றுங்கள். துணி போர்த்திய சுக்கானில் உலோகம் தெரிவது, என் கண்ணுக்கு, மன்னிக்க முடியாத பிழை. இறுதியாக விசிறும் மங்கல் வார்னிஷை மார்கழி ஈரத்தில் தவிருங்கள், வெண்படலம் படியும்.