ஒரே கோடு, இரண்டு அச்சு

கேள்வி: கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் சபாநாயகர் ஆனதும் நடுநிலையாளர் ஆகிவிடுவாரா? நம்பச் சொல்கிறீர்களா?

ஆகிவிட மாட்டார். நாற்காலிக்கு அந்த மகிமை கிடையாது. ஆனால் முயன்றவர்கள் உண்டு. 1967-ல் மக்களவை சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். 2008-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தபோது, பதவி விலகச் சொன்ன மார்க்சிஸ்ட் கட்சியின் பேச்சைக் கேட்காமல் அவையை நடத்தி முடித்தார் அப்போதைய சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி. மறுநாளே கட்சி அவரை நீக்கியது. பிரிட்டனில் கட்சியை உதறுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் பொதுவாக சபாநாயகரை எதிர்த்து ஆள் நிறுத்துவதில்லை. இந்தியாவிலோ அடுத்த சீட்டுக்கு அவர் அதே தலைவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு திட்டுங்கள்.

கேள்வி: எதிர்க்கட்சிக்காரர்களை மட்டும் வெளியேற்றுவதுதானே அவர்களுடைய 'விதி'?

மக்களவை விதி 373-ன்படி ஒருவரை அன்றைக்கு மட்டும் வெளியே அனுப்பலாம். 374-ல் உறுப்பினரின் பெயரைச் சொல்லிக் கண்டிப்பார்; இடைநீக்கம் செய்ய அவை தீர்மானம் போட வேண்டும். 2001-ல் சேர்த்த 374ஏ-யில் தீர்மானமும் தேவையில்லை. பெயரைச் சொன்னாலே ஐந்து அமர்வுகளோ மீதமுள்ள கூட்டத்தொடரோ, எது குறைவோ அதுவரை உறுப்பினர் வெளியே.

ஆனால் பாரபட்சம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அது ஊரறிய நடப்பது. மறுநாள் தலைப்புச் செய்தி. நான் ஒரு சபையில் பல வருஷம் சுருக்கெழுத்தாளனாக இருந்தவன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். சபாநாயகர் மேடைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறி எழுதுவோம். ஒருநாள் எதிர்வரிசையிலிருந்து ஒருவர் அமைச்சரைப் பார்த்து, "பொய் சொல்கிறார்" என்றார். உடனே, "அது அவைக்குறிப்பில் ஏறாது" என்று உத்தரவு. சற்று நேரம் கழித்து ஆளும் வரிசையிலிருந்து அதே வார்த்தை, அதே வேகம். பேனாவைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். சபாநாயகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் நோட்டில் இரண்டுக்கும் ஒரே கோடுதான். அச்சில் வந்தபோது முதலாமவர் பேச்சில் நட்சத்திரக் குறிகள், அடிக்குறிப்பு. இரண்டாமவர் பேச்சு முழுசாக இருந்தது. யாரும் வெளியேற்றப்படவில்லை, அமளியும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் அதைப் படிப்பவனுக்கு, அன்று ஒரு பக்கத்தார்தான் வாய்த்துடுக்காகப் பேசினார்கள் என்று தோன்றும். ஆகவே யாரை வெளியேற்றினார் என்பதோடு, எந்த வார்த்தையை நீக்கினார், யாருக்கு மணியடித்தார், யார் கை தூக்கியபோது குனிந்து காகிதம் புரட்டினார் என்பதையும் பாருங்கள்.

கேள்வி: ஓட்டு சமமாக விழுந்தால் அவர் தன் கட்சிக்குத்தானே போடுவார்?

இந்தியாவில் அரசியல் சாசனப் பிரிவு 100-ன்படி, சமநிலை வந்தால் மட்டுமே அவருக்கு ஓட்டு. எந்தப் பக்கம் போடுவது என்று அது சொல்லவில்லை. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டு சபாநாயகர் டெனிசன் பெயரால் ஒரு மரபு உண்டு: அவையில் இல்லாத பெரும்பான்மையைச் சபாநாயகர் தன் ஓட்டால் உண்டாக்கக் கூடாது. 2019 ஏப்ரல் 3 அன்று பிரெக்ஸிட் விவாதத்தில் ஒரு திருத்தம் 310-க்கு 310 என்று நின்றது. அப்போதைய சபாநாயகர் ஜான் பெர்கோ எதிர்த்து ஓட்டுப் போட்டார், திருத்தம் விழுந்தது. அவர்மேல் பாரபட்சப் புகார் சொன்னவர்கள் ஏராளம். அன்றைய ஓட்டு மரபுப்படிதான் விழுந்தது.

கேள்வி: அவரை யார் கேட்பது?

அவையேதான். 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். நிறைவேற அப்போதுள்ள மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 1954-லேயே மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் மீது கொண்டுவந்தார்கள், தோற்றது. அந்த விவாதத்தின்போது சபாநாயகர் தலைமை தாங்க முடியாது. பேசலாம், எல்லோரையும் போல ஓட்டும் போடலாம். சமநிலை வந்தால் தீர்க்கும் ஓட்டு மட்டும் கிடையாது. அன்றைக்கு அவரும் கையைத் தூக்கி, மேலே இருப்பவர் தன்னைப் பார்ப்பாரா என்று காத்திருக்க வேண்டும்.